திருப்பு அரைநிலாவில் விழாமல் நின்றவருக்கு நேர்ந்தது: ஏற்காட்டுப் பயிற்சி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒற்றைக் காலில் நின்று, உடலைத் தரைக்கு இணையாகச் சாய்த்து, எதிர்க்கையைத் தரையில் ஊன்றி, மறுகையை மேலே உயர்த்தியபடி மார்பை நின்ற காலின் பக்கமாகத் திருப்பும் ஆசனத்தைப் பரிவிருத்த அர்த்த சந்திராசனம் என்பார்கள். எங்கள் வகுப்பில் அதைத் திருப்பு அரைநிலா என்று சொல்லிப் பழகிவிட்டோம். சேலத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக யோகா சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற தை மாதம் ஏற்காட்டில் நடத்திய ஒரு காலைப் பயிற்சியில், இந்த ஆசனத்தைச் செய்த என் மாணவி ஒருவருக்கு இடுப்பின் பின்புற மூட்டில் காயம் ஏற்பட்டது. அவர் கீழே விழவில்லை. விழாமல் இருப்பதற்காக அவரும், அவரை விழவிடாமல் நானும் செய்த முயற்சிகளே காயத்துக்குக் காரணம் என்பது இன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவருடைய ஒப்புதலோடு, அவரை இன்னார் என்று காட்டாமல், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாணவியைப் பற்றி

அவருக்கு வயது 43. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் குடும்பமாக நடத்தும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிறார். நாளொன்றுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் தரையில் வலது காலை மடக்கிப் போட்டு, இடது முழங்காலைக் குத்திட்டு வைத்து, முன்னே குனிந்து உட்கார்ந்திருப்பார். அந்த உட்காரும் முறையை வகுப்பில் சேர்ந்த அன்றே அவர் சொல்லியிருந்தார். நானும் என் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன். எழுதி வைத்ததோடு சரி.

சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் நோய், எலும்புத் தேய்வு எதுவும் அவருக்கு இல்லை. வாரம் மூன்று நாள் வீதம் பதினான்கு மாதங்களாக வந்துகொண்டிருந்தார். ஒற்றைக் காலில் மரம்போல நிற்கும் விருட்சாசனத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்பார். திரிகோணாசனம் சீராக வரும். கைக்கு அடியில் யோகாக் கட்டை வைத்துக்கொண்டால் திருப்பிய திரிகோணாசனமும் வரும். சாதாரண அரைநிலாவை, அதாவது அர்த்த சந்திராசனத்தை, கட்டையே இல்லாமல் ஐந்து மூச்சு நிறுத்துவார்.

அரைநிலா இவ்வளவு நன்றாக வருகிறவருக்குத் திருப்பு அரைநிலாதான் அடுத்த படி என்று நான் நினைத்தேன். பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அரைநிலாவில் நின்ற காலின் தொடை மூட்டு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. இடுப்பெலும்பு புத்தகம்போல விரிகிறது. திருப்பு அரைநிலாவில் அதே மூட்டு 90 டிகிரி மடங்கிய நிலையில் உட்பக்கமாக மூடுகிறது. முன்னதில் சுருங்கி உழைக்கும் புட்டத்துப் பக்கத் தசைகள் பின்னதில் இழுபட்டு நீண்டபடியே எடையைத் தாங்க வேண்டும். ஒன்றில் பெற்ற தேர்ச்சி மற்றொன்றுக்குச் சான்றாகாது. தரையில் கை, தூக்கிய கால், உயர்ந்த கை என்று வெளித்தோற்றம் ஒத்திருப்பதால் இரண்டும் உடன்பிறப்புகள் என்று எண்ணிவிடுகிறோம்.

அன்று காலை

பதினொரு பேர் வேனில் சேலத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டோம். ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு; ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஊர் இருக்கிறது. அவர் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பத்தாவது வளைவுக்கு மேல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். மேலே இறங்கியதும் ஒரு தம்ளர் காப்பி குடித்து, முகம் கழுவியபின், "இப்ப பரவாயில்லீங்க டீச்சர்" என்றார். வேன் நின்று முக்கால் மணி நேரம்கூட ஆகாத நிலையில் பயிற்சியைத் தொடங்கினேன்.

தங்கும் விடுதியின் முன்புறம் இருந்த புல்வெளியில் விரிப்புகளைப் போட்டோம். பனி ஈரம் விரிப்பின் அடியில் ஊறியிருந்தது. புல்வெளி பார்ப்பதற்குச் சமமாக இருந்தாலும் காப்பித் தோட்டத்தின் பக்கமாகச் சற்றே சரிந்திருந்தது. உடல் சூடேற வழக்கமாக இருபத்தைந்து நிமிடம் கொடுக்கும் நான், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று பன்னிரண்டு நிமிடத்தில் நின்ற நிலை ஆசனங்களுக்கு வந்துவிட்டேன். கட்டைகள் ஆறுதான் எடுத்து வந்திருந்தோம். வயதில் மூத்த ஒருவருக்குத் தன் கட்டையைக் கொடுத்துவிட்டு, இவர் வெறுந்தரையிலேயே கையை ஊன்றினார். அது அவருடைய நல்ல குணம். தடுக்காமல் விட்டது என் கவனக்குறைவு.

முதலில் வலது காலில் நின்று செய்தார். சிக்கல் எதுவும் இல்லை. அடுத்து இடது காலில் நின்று, வலது கையைத் தரையில் வைத்து, மார்பை இடப்பக்கம் திருப்பினார். வலது கை விழுந்த இடம் புல்வெளியின் சரிவான பக்கம். "இடுப்பை அசைக்காம நேரா வெச்சுக்கிட்டு, மேலுடம்ப மட்டும் முறுக்குங்க" என்று நான் சொன்னேன். அப்புறம் மேலே உயர்த்திய கையைப் பார்க்கச் சொன்னேன். தலையைத் திருப்பியதும் அவர் ஆடினார். இடது பாதம் வெளி விளிம்புக்கு உருண்டது. முழங்கால் பின்னால் பூட்டிக்கொண்டது. வலது கை விரல்கள் புல்லைப் பற்றின. ஆட்டம் நின்றது. அழகாக நிற்கிறார் என்று எனக்குப் பட்டது. வகுப்பு அறிவிப்பில் போடலாம் என்று கைப்பேசியை எடுத்து, "அப்படியே இரும்மா, ஒரு நிமிஷம்" என்றேன்.

படம் எடுத்து முடிந்ததும் அவர் முறுக்கைக் கழற்றாமலே வேகமாக எழுந்தார். எழும்போது இடப்பக்கப் புட்டத்தின் மேல்விளிம்பில், இடுப்புக் கயிறு படும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சுளீரென்று ஏதோ இழுத்ததாகப் பின்னர் சொன்னார். அப்போது கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க டீச்சர், லேசா புடிச்சுக்கிச்சு" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு உணவுக்குப் போய்விட்டார். மாலை இறங்கும்போது வேனில் ஒருபக்கமாகவே உட்கார்ந்து வந்தார்.

வலியும் மருத்துவரும்

மறுநாள் காலை பட்டறையில் தரையிலிருந்து எழ முடியவில்லை. படுக்கையில் புரண்டால் வலி, படியேறினால் வலி, இடது காலில் மட்டும் எடை போட்டால் வலி. வீட்டில் சுளுக்கு எடுக்கிறவரிடம் போகலாம் என்றார்கள். நான் பதறிப்போய்ச் சில கேள்விகள் கேட்டேன்: முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகிறதா, கால் வலுவிழக்கிறதா, இருமினால் காலுக்குள் வலி ஓடுகிறதா, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா, தொடைகளின் உட்புறமோ ஆசனவாய்ப் பகுதியோ உணர்ச்சி குறைந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்று பதில் வந்திருந்தால், குறிப்பாகக் கடைசி இரண்டுக்கு, அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. எப்படியிருந்தாலும் மருத்துவர் பார்க்குமுன் யாரும் கைவைத்து இழுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

எலும்பு மருத்துவரிடம் நானும் உடன் போனேன். படுக்கவைத்து, காலை நீட்டியபடியே மேலே தூக்கிப் பார்த்தார். காலுக்குள் வலி ஓடவில்லை. பின்னர் முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் திரிக எலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டைச் சோதித்தார். சாக்ரோ இலியாக் மூட்டு என்று அதற்குப் பெயர். அந்த மூட்டுக்கென ஐந்து சோதனைகள் உண்டு. ஒன்றில் வலி கிளம்பினால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மூன்றிலாவது பழகிய அதே வலி கிளம்ப வேண்டும் என்று விளக்கினார். இவருக்கு மூன்றில் கிளம்பியது.

அந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மல்லாந்து படுத்தவரின் இடது தொடையைச் செங்குத்தாக, 90 டிகிரி மடக்கி நிறுத்தி, முழங்காலைச் சற்றே உட்பக்கம் சாய்த்து, திரிக எலும்பின் அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு, தொடையெலும்பின் வழியாகக் கீழ்நோக்கி மருத்துவர் அழுத்தினார். அவர் வீறிட்டார். இந்தக் காட்சியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். தரையில் ஊன்றிய செங்குத்தான கால், அதன்மேல் 90 டிகிரி மடங்கிய தொடை மூட்டு, உட்பக்கம் சாய்ந்த இடுப்பு, தொடையெலும்பின் வழியாக மூட்டுக்குள் ஏறும் உடல் எடை. மருத்துவர் வலியைக் கிளப்புவதற்கென்றே சில நொடிகள் செய்யும் சோதனையும், நான் படத்துக்காக ஏறக்குறைய முக்கால் நிமிடம் நிறுத்திவைத்த ஆசனமும் பொறியமைப்பில் ஒன்றுதான். நல்ல மூட்டு இரண்டையும் பொறுத்துக்கொள்கிறது என்பது உண்மையே. ஆனால் குளிரில் இறுகி, சரிவில் சாய்ந்து, தள்ளாடி மீண்ட ஒரு மூட்டிடம் எவ்வளவு கேட்டிருக்கிறேன் என்பது அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது.

ஐந்து நாள் வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். படுத்த படுக்கையாக இருக்க வேண்டாம், வலி அனுமதிக்கும் அளவுக்கு நடக்கலாம், முறுக்கும் ஆசனங்களும் ஒற்றைக்கால் ஆசனங்களும் ஆறு வாரத்துக்குக் கூடாது என்றார்.

படத்தை வைத்து ஆராய்ந்தது

அறிவிப்புக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலை முழுதாக மேலே திரும்பியிருந்தது. மேல் கை முதுகுக்குப் பின்னால் சரிந்திருந்தது. வலது இடுப்பு இடது இடுப்பைவிட ஒரு சாண் கீழே தொங்கியது. இடது புட்டம் வெளியே தள்ளியிருந்தது. அன்று அழகு என்று நான் கண்டது இதைத்தான்.

தோள்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்க வேண்டுமானால் 90 டிகிரி திருப்பம் தேவை. இடுப்பு முதுகின் ஐந்து முள்ளெலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 5 முதல் 10 டிகிரி வரைதான் திரும்பும். அவற்றின் பின்புறத்துச் சிறு மூட்டுகள் எதிரெதிரே நிற்கும் சுவர்களைப் போல அமைந்து, குனிவதற்கும் நிமிர்வதற்கும் வழிவிட்டு, திரும்புவதைத் தடுக்கின்றன. விலா எலும்புகள் பொருந்திய மார்பு முதுகின் பன்னிரண்டு முள்ளெலும்புகள் சுமார் 35 டிகிரி திரும்பும். ஆக முதுகெலும்பு முழுவதையும் கசக்கிப் பிழிந்தாலும் 45 டிகிரியைச் சுற்றித்தான் கிடைக்கும். மீதிப் பாதி தொடை மூட்டிலிருந்தும் தோள்பட்டையிலிருந்தும் வந்தாக வேண்டும். இடுப்பை அசைக்காதே என்று சொல்லிவிட்டு முழுத் திருப்பத்தைக் கேட்பது, பாதிப் பணத்தைக் கையில் கொடுத்து முழுச் சாமானும் வாங்கிவரச் சொல்வதைப் போன்றது. கெட்டிக்கார மாணவி எங்காவது கடன் வாங்கியாவது கொண்டுவந்து சேர்ப்பார். இவர் கடன் வாங்கிய இடம் 2 முதல் 4 டிகிரிக்கு மேல் அசையாத, வலுவான இணைப்பு நார்களால் கட்டப்பட்ட அந்தச் சாக்ரோ இலியாக் மூட்டு.

ஏன் இடப்பக்கம் மட்டும் என்ற கேள்விக்கான விடை, வலி தணிந்தபின் செய்த எளிய பரிசோதனையில் கிடைத்தது. மல்லாந்து படுத்து, தொடையை நேர்மேலே நிறுத்தி, இடுப்பு தரையைவிட்டு எழாமல் முழங்காலை எதிர்ப்பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். வலது முழங்கால் தொப்புளுக்கு நேரான கோட்டைத் தாண்டி நான்கு விரற்கடை போனது. இடது முழங்கால் அந்தக் கோட்டைத் தொடுமுன்பே நின்றுவிட்டது. இன்னொன்று, சுவருக்கு முன்னால் ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்பது. இடது காலில் நின்றபோது பதினைந்தாவது நொடிக்கு மேல் வலது இடுப்பு மெல்லக் கீழே இறங்கியது. நின்ற காலின் பக்கப் புட்டத் தசை களைத்தால் எதிர்ப்பக்க இடுப்பு தொங்கும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895-இலேயே விளக்கியிருக்கிறார். இன்றும் அந்தச் சோதனை அவர் பெயரிலேயே வழங்குகிறது. விருட்சாசனத்தில் ஒரு நிமிடம் நின்றவர்தானே இவர் என்று நீங்கள் கேட்கலாம். விருட்சாசனத்தில் கைகளைக் கூப்பி, உடம்பை நின்ற காலின்மேல் சற்றே சாய்த்து இந்தக் குறையை மறைக்க இடமுண்டு. முறுக்கிச் சமநிலைப்படுத்தும் ஆசனத்தில் அந்த மறைவிடம் கிடையாது. மார்பு முதுகின் திருப்பம் இரு பக்கமும் ஒத்திருந்தது. அவருடைய முதுகைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே அன்று நடந்தது இது: சரிந்த தரை வலது கையையும் அதன் வழியே வலது இடுப்பையும் கீழே இழுத்தது. இடது தொடை மூட்டு உட்பக்கம் மூடக்கூடிய எல்லையை உடனே எட்டியது. அதற்கு மேல் இறங்காமல் இடுப்பை நிறுத்தச் சொல்லி என் கட்டளை இருந்தது. கண் தரையை விட்டு வானத்துக்குப் போனதும், வளைவுகளில் குலுங்கி வந்து இன்னும் அடங்காத, சமநிலையை உணரும் உட்செவி, நிலைத்த புள்ளி எதுவும் கிடைக்காமல் தடுமாறியது. தடுமாற்றத்தை அடக்க அவர் பாதத்திலிருந்து தாடை வரை எல்லாவற்றையும் இறுக்கினார். அந்த இறுக்கத்தோடு முறுக்கு முக்கால் நிமிடம் நின்றது. கழற்றப்படாத முறுக்கோடு எடை ஏறிய காலின்மேல் எழுந்தது கடைசி அடி. இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக அவர் தாங்கியிருப்பார். தள்ளாடியபோது காலைக் கீழே போட்டிருந்தால் புல்லில் ஒரு கை மண் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

மீண்டும் கட்டியது

முதல் மூன்று வாரங்கள் நடையும், மூச்சுப் பயிற்சியும், வலி வராத அளவில், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனமும் மட்டுமே. நான்காம் வாரத்திலிருந்து ஒருக்களித்துப் படுத்து மேல் காலை உயர்த்துவது, ஆறு வாரம் முடிந்தபின் சுவரில் ஒரு கையை வைத்து ஒற்றைக் காலில் இடுப்பு தொங்காமல் நிற்பது என்று பக்கப் புட்டத் தசைக்கு வேலை கொடுத்தோம். பட்டறையில் தரையில் உட்காருவதற்குப் பதிலாகத் தாழ்ந்த மணை ஒன்றை அவருடைய கணவர் செய்து கொடுத்தார். அரை மணிக்கு ஒருமுறை குத்திட்ட காலை மாற்றிக்கொள்வது என்று வைத்துக்கொண்டார். எட்டாம் வாரம் படுக்கையில் புரளும்போது வலி இல்லை.

திருப்பு அரைநிலாவை மறுபடி எடுத்தது நான்காம் மாதத்தில். இந்த முறை கடைசியிலிருந்து தொடங்கினேன். ஆசனத்துக்குள் போவதற்கு முன் அதிலிருந்து வெளியே வருவதை மட்டும் ஒரு வாரம் பழக்கினேன்: முதலில் பார்வை தரைக்கு, அடுத்து உயர்ந்த கை இறங்கித் திரிக எலும்பின்மேல், அடுத்து மார்பு திரும்பித் தரையைப் பார்க்க, அடுத்து நின்ற முழங்கால் மடிய, அதற்கப்புறம்தான் தூக்கிய கால் கீழே. முறுக்கு கழன்றபின் எழ வேண்டும். எழுந்தபின் கழற்றக் கூடாது. தள்ளாடினால் வரிசை எதுவும் வேண்டாம், தூக்கிய காலைக் கீழே போட்டுவிடலாம். அதுவும் ஒரு பயிற்சி என்று சொல்லி, வேண்டுமென்றே பலமுறை காலைப் போடவைத்தேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். மூன்றாம் நாளுக்குப் பின் வெட்கம் போய்விட்டது, காலும் இலகுவாக விழுந்தது.

கைக்குக் கீழே தரை வேண்டாம், நாற்காலி வேண்டும் என்று முடிவு செய்தேன். நாற்காலியின் இருக்கை உயரத்தில் கை இருந்தால் உடல் தரைக்கு இணையாக இறங்க வேண்டியதில்லை. தொடை மூட்டு 90 டிகிரிக்கு முன்பே நின்றுவிடும். பின்தொடைத் தசைகள் உட்காரும் எலும்பில் பற்றியிருக்கும் இடத்தில் இழுவையும் குறையும். அந்தப் பற்றுமிடத்தில் நாள்பட்ட வலியோடு வருகிற யோகா மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குனிந்த முதுகோடு முறுக்குவது இன்னொரு அபாயம்: முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் நார்கள் அடுக்கடுக்காக எதிரெதிர்ச் சாய்வில் பின்னப்பட்டவை, திரும்பும்போது ஒரு சாய்வில் உள்ளவை மட்டும் இறுகும், குனிவும் சேர்ந்தால் அவற்றின்மேல் பளு கூடும். எனவே முதுகு நீளும் உயரத்துக்குக் கையை ஏற்றிக்கொள்வதே முறை. நாற்காலியிலிருந்து நிமிர்த்தி வைத்த கட்டைக்கும், அதிலிருந்து படுக்கவைத்த கட்டைக்கும் இறங்குவதற்கு மாதங்கள் ஆகலாம். இறங்காமலே இருந்தாலும் குறையில்லை. சுவர், கயிறு, நாற்காலி, கட்டை என்று துணைக்கருவிகளை ஆசனப் பயிற்சிக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014). ஆனாலும் கட்டையைத் தொடக்கநிலையினரின் அடையாளம் என்று நினைக்கும் பழக்கம் எங்கள் ஊர் வகுப்புகளில் இன்னும் போகவில்லை. கட்டையை மூத்தவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையாக நின்றதில் அந்த நினைப்பும் கொஞ்சம் கலந்திருந்தது என்று அவரே பின்னர் ஒத்துக்கொண்டார்.

தூக்கிய காலின் பாதம் சுவரில் பதிந்திருக்கும்படி நிறுத்தினேன். சுவர் சமநிலையைப் பார்த்துக்கொண்டதால், திருப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை அவரால் கவனிக்க முடிந்தது. ஒரு கையைத் திரிக எலும்பின்மேல் வைத்து, மூச்சை உள்ளிழுக்கும்போது முதுகை நீட்டி, வெளிவிடும்போது விலாக்களிலிருந்து திரும்பச் சொன்னேன். கைக்குக் கீழே இடுப்பு சாயத் தொடங்குவதை அவரே உணர்ந்தார். அதைச் சிறிது சாயவிடச் சொன்னேன். பிடித்து நிறுத்தச் சொல்லவில்லை. நாற்காலியின் இருக்கை மட்டத்தோடு ஒப்பிட்டு, இடுப்பு ஒரு பக்கம் மூன்று விரல் அளவு வரை தொங்கினால் சரி என்று அவருடைய உடலுக்கு நாங்களே எல்லை வைத்துக்கொண்டோம். இடப்பக்கத்தில் மார்பு 45 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகத் திரும்பியதும் நிறுத்திவிடுவோம். மேல் கை வானத்துக்குப் போகவில்லை, இடுப்பிலேயே இருந்தது.

பார்வையைப் பற்றி என் கருத்து இப்போது கடுமையாகவே இருக்கிறது. இந்த ஆசனத்தில் மேலே பார்ப்பதால் முதுகுக்கோ காலுக்கோ எந்தப் பலனும் இல்லை. கழுத்துக்குச் சுமையும், உட்செவிக்குக் குழப்பமும், கண்ணுக்கு நிலைத்த புள்ளி இல்லாமையும் மட்டுமே மிச்சம். தரையில் பாதத்துக்கு முன்னால் ஒரு காசை வைத்து அதைப் பார்க்கச் சொல்கிறேன். மேலே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பக்கச் சுவரைப் பார்த்தபடி பத்து மூச்சு நிற்கட்டும்.

பாதத்துக்கும் கொஞ்சம் நேரம் செலவிட்டோம். பெருவிரல் அடிமேடு, சுண்டுவிரல் அடிமேடு, குதிகால் மூன்றும் சம எடையோடு பதிந்திருந்தால் கணுக்காலில் ஓயாமல் நடக்கும் சிறு திருத்தங்களே சமநிலையைக் காக்கும். முழங்காலைப் பூட்டினால் அந்தத் திருத்தங்கள் மேலே ஏறி இடுப்பில் பெரிய ஆட்டமாக வெளிப்படும். ஒரு நூல் அளவு மடிந்த முழங்கால் போதும். வெறும் தரையில், காய்ந்த விரிப்பில், செருப்பும் காலுறையும் இல்லாமல் செய்ய வேண்டும். ஈரப் புல்லும் மெத்தென்ற தடித்த விரிப்பும் கணுக்காலுக்கு ஒரேமாதிரியான பொய்யைச் சொல்கின்றன.

யாருக்கு இந்த ஆசனமே வேண்டாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலும்புத் தேய்வு, அதாவது எலும்பின் அடர்த்தி குறையும் நோய், உள்ளவர்களுக்குக் குனிந்து முறுக்குவது முள்ளெலும்பு நொறுங்கக் காரணமாகலாம். கர்ப்பிணிகளுக்கு வயிற்றை மூடும் முறுக்கு கூடாது. கண் அழுத்த நோயும் கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தலை தாழும் நிலையைத் தவிர்க்க வேண்டும். தலைச்சுற்றல் நோய் உள்ளவர்களும், காலுக்குள் ஓடும் முதுகு வலி உள்ளவர்களும், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. நிறைவாகச் சாப்பிட்டவர் மூன்று, நான்கு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மலைப்பாதையில் ஏறி வந்தவர்களுக்கு அன்று காலை நின்ற நிலைச் சமநிலை ஆசனம் எதுவும் கிடையாது என்பது என் வகுப்பில் நானே சேர்த்துக்கொண்ட விதி. இப்போது ஏற்காட்டுக்குப் போனால் முதல் நாள் ஏரிக்கரையில் நடப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வகுப்பில் ஆசனம் நிற்கும் நேரத்தில் யாரும் படம் எடுப்பதில்லை. இரு பக்கத்தையும் சமமாகச் செய்ய வேண்டும் என்ற என் பழைய பிடிவாதத்தையும் விட்டுவிட்டேன். குறுகிய பக்கத்தை முதலில், களைப்பில்லாதபோது செய்துவிட்டு, மற்றப் பக்கத்தை அதன் அளவுக்குக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களிடம் நாள் முழுவதும் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதுவது முன்பும் உண்டு. இப்போது அவர்களை அப்படியே உட்காரச் சொல்லிப் பார்க்கவும் செய்கிறேன்.

நிகழ்வு நடந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. இடது முழங்கால் இப்போது தொப்புள் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போகிறது. ஒற்றைக் காலில் அரை நிமிடம் இடுப்பு தொங்காமல் நிற்கிறார். வலது காலில் நிமிர்த்திய கட்டையோடும், இடது காலில் நாற்காலியோடும் திருப்பு அரைநிலாவைச் செய்கிறார். போன வாரம் இடப்பக்கத்துக்கும் கட்டையை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். "நாற்காலியே போதுங்க டீச்சர்" என்று சொல்லி அதை ஓரமாக வைத்துவிட்டார்.